புழுசாமியின் தீர்த்தம்

ஆரணியில் குடிகாரர்கள் தூங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஊரே அதைத்தான் பேசியது. அவர்களுக்குத் தீர்த்தம் தரும் புழுசாமி வீட்டு வாசலில் ஷேர் ஆட்டோக்கள் வரிசை கட்டின. கொதிநீரில் செத்த பட்டுப்புழுக்களின் ஆவி நெசவாளியின் கண்ணில் குடியேறித் தூக்கத்தைத் தின்கிறதாம், தூக்கம் போனவன் குடிக்கிறானாம், குடித்தவன் அடிக்கிறானாம். தறிப்பக்கமே போகாத மெக்கானிக் குடித்தால்? கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி கட்டினான் அல்லவா. சாமியிடம் எல்லாவற்றுக்கும் விடை இருந்தது.

ஹேமலதாவும் போனாள். அவள் புருஷன் தீனா குடித்தால் விடியும்வரை கண் மூட மாட்டான். தட்டு பறக்கும், கதவு உடையும். அதே ஆத்திரத்தோடு பைக்கை எடுத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே பாய்வான். தீர்த்தம் ஒரு டம்ளர் போனதும் மரக்கட்டையாய்ச் சாய்ந்தான். அவளும் கும்பிட்டாள். மறுநாள் தீர்த்தம் குடித்த கையோடு குவார்ட்டரும் ஊற்றிக்கொண்டு வந்தான். மூச்சு விட்டு விட்டு வந்தது. பகல் முழுக்க அவன் மூக்கருகே கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அதே நாளில் மாமனாரும் மிச்சத் தீர்த்தத்தைப் பிரசாதமென்று குடித்துவிட்டுத் தறிக்குழியிலேயே தூங்கிப்போனார்.

நேரே சாமியிடம் வந்தாள்.

"எங்க மாமனாரு வெத்தலகூட போடமாட்டாரு சாமி. அவரு இன்னாத்துக்குச் சாஞ்சாரு?"

"நெய்யறவராம்மா?"

"ஆமா."

"சாபம்."

"சாபம் இல்லாதவங்க குடிச்சா?"

"வெறுந்தண்ணிம்மா."

அவர் காவியைக் கூர்ந்து பார்த்தாள். "இது பாலியஸ்டர்தான சாமி?"

"பட்டு நம்ம ஒடம்புல பட்டதே இல்ல," என்றார் பெருமையாக.

"அப்ப ஒரு டம்ளர் குடிங்க."

"விரதம்மா."

"இப்பதான பரோட்டா துன்னீங்க," என்றது ஒரு குரல்.

மகனுக்காக வந்திருந்த அபிதகுசாம்பாள் கண்ணீரோடு கைகூப்பினாள். "குடிச்சிக் காட்டுங்க சாமி. இவ வாய அடைங்க."

"ஜல்தி குடிங்க சாமி," என்றது கூட்டம். பக்தியிடமிருந்து சாமியே தப்ப முடியவில்லை. டம்ளர் காலியானது.

அருள்வாக்கு தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் நாக்கு குழறியது. அப்புறம் வந்தது குறட்டைதான். எதிரே இருந்தவர் அதற்கும் பலன் என்னவென்று பக்கத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஹேமலதா தீர்த்தக் குடத்துக்குப் பின்னாலிருந்த பையைக் கவிழ்த்தாள். தூக்க மாத்திரை அட்டைகள் கொட்டின. அவற்றைப் பொடித்த சிறு உரலும் உருண்டது.

"ஐயோ பாவம்," என்றாள் அபிதகுசாம்பாள், "நம்ம சாபத்தையெல்லாம் சாமியே வாங்கிக்கினாரு."

"மாத்திரைதான் வேணும்னா டாக்டராண்ட போலாமேக்கா. குடிய நிறுத்த ஆஸ்பத்திரில வைத்தியம் இருக்குது. நான் எங்க வூட்டுக்காரர அங்கதான் இட்டுகினு போறேன்."

"பெரணமல்லூர்ல ஒருத்தரு உருண்டை மந்திரிச்சுத் தராராம். நாங்க அங்க போறோம்மா."

"போங்க," என்றாள் ஹேமலதா. "உங்க புள்ள வாயில போடறதுக்கு முன்னாடி, மொத உருண்டைய அவரத் துன்னச் சொல்லுங்க. துன்னுட்டு எந்திரிச்சாருன்னா எனக்கும் ஒண்ணு வாங்கினு வாங்க."