சாக்லேட் பீரும் ராஸின் தீர்ப்பும்

"சாக்லேட் பீர்னு சொன்னே, சாக்லேட் வாசனையே வரலையே?" என்றாள் வார்விக்கின் மனைவி நோலீன்.

தோட்டத்து ஷெட்டில் சொந்தமாக பீர் காய்ச்சும் வார்விக், பீப்பாய் மூடியைத் திறந்து இன்னொரு முறை மோந்து பார்த்தார். வறுத்த பார்லி வாசனைதான் வந்தது. முளைகட்டி வறுத்த பார்லிப் பையில் 'சாக்லேட் மால்ட்' என்று போட்டிருந்ததை நம்பிக் கொட்டியிருந்தார். அது நிறத்துக்காக வைத்த பேர், அதில் சாக்லேட் மருந்துக்குக்கூட இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

"இப்பவே சொல்லிட்டேன். பக்கத்து வீட்டு ராஸ் 'நல்லா இல்லே'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், இந்த ஷெட் எனக்கு. என் தையல் மெஷின் எத்தனை நாள் சாப்பாட்டு மேஜையிலயே குந்தியிருக்கும்?"

வார்விக் அவசரமாக மூடியைப் போட்டு மூடினார். அவருடைய உயிரே அந்த ஷெட்டில்தான் இருந்தது. ராஸோ பர்னி ஊரில் பீரை அறிந்தவர். ஆயுசெல்லாம் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். ஆனால் இதுவரை அவர் குறை சொன்னதில்லை. கொடுத்த பாட்டிலெல்லாம் காலியாகி, கழுவித் துடைத்துத் திரும்பி வரும்.

வார்விக் நாலு கட்டி பால் சாக்லேட்டை உருக்கி ஊற்றினார். வாசனை வந்தது. கூடவே கறிக்குழம்பில் மிதப்பதுபோல் கொழுப்பும் மிதந்தது, நுரை செத்தது. நுரைக்காக, பாட்டிலில் அடைக்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போட்டார்.

நுரை வந்தது. கொஞ்சம் நன்றாகவே வந்தது. சனிக்கிழமை காலை ஷெட்டில் டமார், டமார் என்று பாட்டில்கள் வெடித்தன. ஜன்னல் கண்ணாடி போனது. வெளியே கொடியில் காய்ந்த வெள்ளைப் படுக்கை விரிப்பெல்லாம் காப்பிக் கலர் ஆனது.

"துணியில பூப்போட நான் கிளாஸுக்குப் போகலாம்னு இருந்தேன். நீயே போட்டுட்டியே, மகராசா!"

தப்பிப் பிழைத்தவை ஆறு பாட்டில்கள். அவற்றை ஈரத் துண்டில் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ராஸிடம் கொடுத்தார் வார்விக்.

"தள்ளி நின்னு தெற, மாப்ளே."

அடுத்த ஞாயிறு ராஸும் அவர் மனைவி பெவ்வும் பார்பெக்யூவுக்கு வந்தார்கள். கழுத்தில் அளவு நாடாவோடு தயாராக இருந்தாள் நோலீன்.

"என்ன ராஸ், பீர் எப்படி? உள்ளதைச் சொல்லுங்க."

ராஸ் ஒரு நிமிடம் தன் செருப்பைப் பார்த்தார். "பிரமாதம்! ஆறும் காலி."

நோலீன் நாடாவைச் சுருட்டினாள். "போ, ஷெட்டை நீயே வெச்சுக்கோ."

வார்விக்குக்கு மனசு நிறைந்துவிட்டது. இருப்பதிலேயே பெரிய இறைச்சித் துண்டை ராஸ் தட்டில் வைத்தார். "அடுத்த தடவை இதையே ரெண்டு மடங்காப் போடறேன், மாப்ளே!"

சாலட்டிலிருந்து தலை நிமிர்ந்தாள் பெவ்.

"அய்யய்யோ, வேண்டாம்ப்பா! எப்பவும் போடற பீரையே குடு. அதைக் கிண்ணத்துல ஊத்தி கீரைப் பாத்தியில வெச்சா நத்தையெல்லாம் ஓடி வந்து விழுந்து சாகும். இந்தச் சாக்லேட் பீரை ஒரு நத்தைகூடத் திரும்பிப் பாக்கலை!"