புரூஃப் சார் ஆல்பத்தை மூடிய கதை

இனிமேல் புதுத் தபால்தலை ஒன்றுகூட இந்த வீட்டு வாசல்படி ஏறாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புரூஃப் சார் பிரகடனம் செய்தார். கேட்டுக்கொண்டிருந்தது அவர் மனைவி ஒருத்திதான். அந்த அம்மாள் தையல் மிஷினை நிறுத்தாமலே "சரிங்க" என்றாள். முப்பது வருஷ இல்லறத்தில் அவர் செய்த பிரகடனங்களுக்கெல்லாம் அந்த ஒரு "சரிங்க"தான் பதில். அதற்கப்புறம் வீட்டில் நடப்பது வேறு விஷயம்.

மனுஷர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஊரார் எழுதியதில் எல்லாம் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவருக்கு வீட்டுக்கு வந்தால் மட்டும் கண் சும்மா இருக்குமா? பள்ளிக்கூட நாளிலிருந்து தபால்தலை சேர்க்கிறார். பதினேழு ஆல்பம். முன்பெல்லாம் வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து வெளிவரும், ஒவ்வொன்றையும் சொந்தக்காரனைப் போல அடையாளம் தெரியும். இப்போது வாரத்துக்கு ஒன்று. பூவுக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று, பூச்சியைத் தின்கிற தவளைக்கு ஒன்று. ஒன்றே ஒன்று போதும் என்றாலும் பன்னிரண்டு கொண்ட முழுத் தாளைத் தலையில் கட்டுகிறார்கள். அதையும் பொறுத்துக்கொள்ளலாம், பின்பக்கம் கோந்தாவது இருக்கிறதா? ஸ்டிக்கர். பழைய தபால்தலையை உறையோடு தண்ணீரில் போட்டால் கால் மணியில் தானாகக் கழன்று மிதக்கும். இது ஒரு நாள் பூரா ஊறினாலும் உறையை விடாது, இழுத்தால் கிழிந்துபோகும். முத்திரையாவது ஒழுங்காக விழுகிறதா என்றால் அதுவும் கிடையாது. வட்டமாக, தேதி தெரிகிற மாதிரி, மூலையில் பட்டும் படாமலும் விழ வேண்டிய இடத்தில் எவனோ பேனாவால் குறுக்கே ஒரு கிறுக்குக் கிறுக்கி அனுப்புகிறான்.

இத்தனை கோபமும் தபால்தலை மேல்தானா என்று கேட்டால், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த வீட்டில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, தபால்தலையை ஊறவிட்டு, விரல் நுனியால் எடுத்து, பழைய செய்தித்தாளில் காயப்போட்டதெல்லாம் மகள். ஒரே மகள். இருபத்திரண்டு வயசு. மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டு வருஷம் ஆகிறது.

அவள் போன பத்தாம் நாள் புரூஃப் சார் நாற்காலி போட்டு ஏறி, சுவரில் இருந்த அவளுடைய ஐந்து படங்களையும் இறக்கினார். ஒரு போர்வையில் சுற்றி, பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். முகத்தைப் பார்த்தால் தாங்க மாட்டேன், விழுந்துடுவேன் என்றார். ஆணிகள் மட்டும் சுவரிலேயே நின்றன.

ஒரு படமாவது மாட்டலாமே என்று அந்த அம்மாள் முதல் மாசம் கேட்டாள். ஆறாம் மாசம் கேட்டாள். வருஷம் திரும்பியதும் கேட்டாள். கேட்ட போதெல்லாம் அவர் எழுந்து போய் ஆல்பத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அழுதும் அந்த அம்மாள் பார்த்ததில்லை. அவள் மட்டும் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, சத்தம் வெளியே கேட்காதபடி மிதித்துக்கொண்டே அழுவாள்.

பிரகடனம் முடிந்த இரண்டாம் நாள், பேனாவால் கிறுக்கிய உறை ஒன்றை எடுத்துக்கொண்டு புரூஃப் சார் தபால் ஆபீசுக்குச் சண்டைக்குப் போனார். கவுண்ட்டர்காரர் சாது. முத்திரை குத்தும் மிஷின் பழுது என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, இவரைக் குளிர்விப்பதாக நினைத்துக்கொண்டு புதுத் திட்டம் ஒன்றைச் சொன்னார். உங்கள் போட்டோவைக் கொடுத்தால் போதும், நீங்கள் நிற்கும்போதே தபால்தலையாக அச்சடித்துத் தருவோம். மாதிரிக்குக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள்: பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு புது ஜோடி, பக்கத்தில் நாக்கைத் தொங்கவிட்ட ஒரு நாய்.

வீடு வந்து சேர்வதற்குள் சாருக்குத் தலை கொதித்துவிட்டது.

"நாய்க்கு ஸ்டாம்ப் போட்டிருக்கான்மா. நாய் இன்னும் உயிரோட இருக்கு."

"இருந்தா என்னங்க?"

"ஸ்டாம்புல ஏற ஒரு தகுதி வேணாமா? மொதல்ல செத்துப்போயிருக்கணும். உயிரோட இருக்கிறவன் மூஞ்சியை எவன் ஒட்டுவான்?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. மிஷின் நின்றுவிட்டது. அந்த அம்மாள் ஊசியிலிருந்து நூலை மெதுவாக உருவினாள்.

"அப்போ, செத்துப்போனவங்க முகம்னா போடலாமா?"

அவர் சுவரைப் பார்த்தார். அங்கே ஆணி. தரையைப் பார்த்தார். "போடலாம்" என்றார்.

"அப்படி ஒண்ணு இந்த வீட்டுக்குத் தபால்ல வந்தா? கிழிச்சுடுவீங்களா?"

"தபால்ல வந்துட்டா அது ஸ்டாம்ப்தான். ஸ்டாம்பை நான் கிழிச்சதே இல்ல."

"சரிங்க."

ஒற்றுப் பிழையை ஒரு முழத் தூரத்திலிருந்தே பிடிக்கிற மனுஷருக்கு அந்தச் "சரிங்க"வில் இருந்தது பிடிபடவில்லை.

ஒன்பது நாள் கழித்துத் தபால்காரர் ஓர் உறை கொண்டுவந்தார். கொட்டை எழுத்தில் இவர் பேருக்கு விலாசம். இவர் கண்ணில் முதலில் பட்டது முத்திரை. வட்டம். முழு வட்டம். தேதி பளிச்சென்று தெரிய, தபால்தலையின் கீழ் மூலையை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது. இப்படி ஒன்றைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! பிரகடனத்தை அப்போதைக்கு மறந்துவிட்டு மேஜையில் உட்கார்ந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். அவர் வழக்கம் அது: முதலில் ஓரத்துப் பற்களை எண்ணுவார், அப்புறம் முத்திரை, அப்புறம் எழுத்து, படம் கடைசியில். பல் சரியாக இருந்தது. எழுத்தில் பிழை இல்லை. கண்ணாடியைப் படத்தின் மேல் நகர்த்தினார்.

இடது புருவத்துக்கு மேலே சின்ன மச்சம். ஒன்றின் மேல் ஒன்று ஏறின முன்பல். கூடத்தில் மாட்டியிருந்த அதே படம்.

அவர் விழவில்லை. கண்ணாடியை எடுக்கவும் இல்லை. மச்சத்திலிருந்து கண்ணுக்கு, கண்ணிலிருந்து காதுக்கு, ஒரு புள்ளி விடாமல் பார்த்தார். இரண்டு வருஷமாகப் பார்க்காததை எல்லாம் சேர்த்துப் பார்த்தார். கண்ணாடி நனைந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அப்புறம் வாய்விட்டு அழுதார். அந்த அம்மாள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"முத்திரை எப்படி இவ்வளவு சுத்தமா?" என்று கேட்டார். முதலில் அதைத்தான் கேட்க முடிந்தது.

"கவுண்ட்டர்ல, யாரு இந்தப் பொண்ணுன்னு கேட்டாரு. சொன்னேன். டிராயர்லேருந்து பழைய இரும்பு முத்திரையை எடுத்தாரு. வெறும் காகிதத்துல மூணு தடவை குத்திப் பாத்துட்டு, அப்புறம்தான் இதுல குத்தினாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டுதானே இருந்தேன்? படத்தைப் பாக்க மாட்டேன்னீங்க. ஸ்டாம்பைப் பாக்காம இருக்க உங்களால முடியுமா?"

பழக்க தோஷத்தில் கிண்ணத்தை எடுக்க எழுந்தவர், பாதியிலேயே நின்றார். இது ஸ்டிக்கர். தண்ணீரில் கழலாது. உறையை விட்டு எங்கேயும் போகாது. ஸ்டிக்கர் கண்டுபிடித்தவனை அவர் வாழ்நாளில் முதல் தடவையாக வாழ்த்தினார்.

முழு உறை ஆல்பத்தில் அடங்காது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதுதான் வழி என்று அவரே சொன்னார். தாளில் இன்னும் பதினொன்று பாக்கி இருப்பதாகவும், வாரம் ஒன்று அனுப்பலாம் என்று இருந்ததாகவும் அந்த அம்மாள் ஒப்புக்கொண்டாள்.

"பயந்துக்கிட்டேதான் அனுப்பினேன். எனக்குப் படம் வேணும்னு இல்லீங்க. கூட உக்காந்து பாக்க ஒரு ஆள் வேணும்."

புரூஃப் சார் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினார். பெரிய மனசு பண்ணுகிறோம் என்கிற நினைப்பும் கொஞ்சம் இருந்தது. மேல்தட்டில் இருக்கிற மற்ற படங்களையும் எடுத்து மாட்டிவிடு என்று நீட்டினார்.

அந்த அம்மாள் சாவியை வாங்கவில்லை.

"குளிக்கப் போறப்ப இதைக் கழட்டி வப்பீங்கல்ல. படமெல்லாம் மொத வாரமே என் துணிப் பெட்டிக்கு வந்துடுச்சுங்க. நீங்க இத்தனை நாளா காவல் காத்தது ரெண்டு பழைய தலையணையை."