கொக்கு கொடுத்த வரமும் பின்னறை ரேடியோக்களும்

லிஃப்ட் மெக்கானிக் அன்று ஒரு தீர்மானத்தோடு வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி தன் அம்மா பேச்சை எடுப்பதற்குள் தான் ஒரு கதையை எடுத்துவிட வேண்டும்.

கதை அவருடையதல்ல. பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட பெரியவர் ஒருவர், பயத்தை மறக்கச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கதவை நெம்பிக்கொண்டே இவர் கேட்டார். தன் வீட்டுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

மாமியாருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. நன்றாக நடக்கும்வரை அம்மா பின்னறையில் இருக்கட்டும் என்றாள் மனைவி. பின்னறையிலோ அவர் சேர்த்துவைத்த பழைய ரேடியோக்கள். ஒன்றுகூடப் பாடாது.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு குயவன் வலையில மாட்டின கொக்கை விடுவிச்சானாம். கொக்கு வரம் கொடுத்துச்சு. பொண்டாட்டி மாடு கேட்டா, வந்துச்சு. மாளிகை கேட்டா, வந்துச்சு. கடைசியில, தன்னைக் கேட்டுத்தான் மழை பெய்யணும்னா. எல்லாம் போச்சு. பழைய குடிசைதான். என்ன தெரியுது?"

"அந்த மாட்டுப் பாலை யாரு குடிச்சாங்க?"

"ரெண்டு பேரும்தான்."

"மாளிகை வந்தப்புறம் அந்தக் குயவர் மட்டும் குடிசையில படுத்தாரா?"

"உள்ளதான் படுத்திருப்பாரு."

"ஆசை ரெண்டு பேருக்கும். பழி ஒருத்திக்கு."

நீதி கைநழுவுவது அவருக்குப் புரிந்தது. அவசரமாகப் பொதுவான இடத்துக்குத் தாவினார்.

"ஆம்பளையோ பொம்பளையோ, தேவைக்கு மேல யாரும் வெச்சுக்கக் கூடாது. அதான் நீதி."

"நல்ல நீதி. நாம எந்த ரூம்ல படுக்கிறோம்?"

"முன்னறையில."

"பின்னறையில?"

"ரேடியோ."

"ரேடியோவுக்கு முழங்கால்ல ஆபரேஷனா?"

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த துண்டை மறுபடி பிரித்து மடித்தாள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக யாரு இருக்காங்கன்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்க. அம்மா என்னைப் பார்க்கலை. ஜன்னலைப் பார்த்தாங்க."

அவர் பின்னறைக்குப் போனார். ரேடியோக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பரண்மேல் ஏற்றினார். தரையைத் துடைத்தார். திரும்பி வந்தபோது, தானே முடிவெடுத்த மனிதரின் கம்பீரம் முகத்தில் இருந்தது.

"நாளைக்கு நானே போய் அத்தையைக் கூட்டிட்டு வரேன்."

"அவ்வளவு தூரம் வேண்டாம். மத்தியானமே வந்துட்டாங்க. கீழ் வீட்டு அக்காகிட்ட இருக்காங்க. நீங்க கூப்பிட்டாத்தான் மேல வருவாங்களாம்."

அவர் படியிறங்கினார். கீழ் வீட்டுத் திறந்த ஜன்னலோரம், மடியில் பையோடு மாமியார் உட்கார்ந்திருந்தார். மருமகனைப் பார்த்ததும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார்.

"எல்லாம் கேட்டுச்சு மாப்பிள்ளை. நல்ல கதை. நீதி வரத்தான் கொஞ்சம் நேரமாயிடுச்சு."