பெயருக்கு வைத்த கத்தரி

புது அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த பாயிஸா, அதை நவரட்ணராஜாவின் மேசையிலேயே திருப்பி வைத்தார்.

“சேர், மூஞ்சி என்ட. பேர் எங்கட மாப்புளட.”

படத்தில் பாயிஸா, கீழே புருஷன் பெயர் ஹமீது. கண்டியை அடுத்த அந்த ஆடைத் தொழிற்சாலையில் கணினி என்றால் நவரட்ணராஜாதான். யுத்த காலம். கட்டுகஸ்தோட்டைச் சோதனைச் சாவடியில் கம்பனி பஸ்ஸை மறித்து அட்டைகளைப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரரான நவரட்ணராஜா ஒருவரை மட்டும் இறக்குவார்கள். யாழ்ப்பாணத்தில் எந்த ஊர், இங்கே என்ன வேலை என்று அரை மணித்தியாலம் போகும். பஸ் முழுக்கக் காத்திருந்து முறைக்கும். பழைய அட்டையில் பெயர் மங்கிக் கிடப்பதால்தான் இந்தச் சனியன், புது அட்டை வந்தால் தொலையும் என்று நம்பினார் மனிதர், பாவம்.

அட்டையில் பெயருக்கு ஒரு சொல்லளவுதான் இடம். ஆலையில் உள்ள எல்லாருடைய பெயரையும் கையால் யார் வெட்டுவது? கணினியே வெட்டிக்கொள்ள ஷெல் ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் எழுதினார். இரண்டு #, ஒரு நட்சத்திரம், ஓர் இடைவெளி: இடைவெளி வரை முன்னால் உள்ளது போய்விடும். சின்னையா நவரட்ணராஜாவில் அப்பா போய் மகன் மிஞ்சினார். அருமைதான். ஆனால் பெண்கள் புருஷன் பெயரைப் பின்னால் வைப்பது கலியாணம் கட்டாத மனிதருக்கு எங்கே ஞாபகம் வரும்?

உடனே # இருந்த இடத்தில் % போட்டு, இடைவெளியை நட்சத்திரத்துக்கு முன்னால் நகர்த்தி, பின்னால் வெட்டினார். பாயிஸா பாயிஸாவானார். நவரட்ணராஜா சின்னையாவானார். மேலாளர் சுந்தரலிங்கம் கணபதியானார்.

“இது எங்கப்பாங்க,” என்றார் சுந்தரலிங்கம். “அவரு செத்துப் போயாச்சு. அவர எப்படிங்க பஸ்ல ஏத்துறது?”

இதில் பெரிய கூத்து, பழைய அட்டைகளையெல்லாம் நவரட்ணராஜா காலையிலேயே கத்தரியால் நறுக்கிப் போட்டிருந்தார். வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. ஆண்களுக்கு முன்னால் வெட்ட ஒரு வரி, பெண்களுக்குப் பின்னால் வெட்ட ஒரு வரி என்று அடித்துத் தள்ளினார். அவசரத்தில் இரண்டிலும் இடைவெளியை விட்டுவிட்டார். இடைவெளி இல்லாவிட்டால் நட்சத்திரத்துக்கு எல்லை ஏது? இருக்கிற எழுத்தையெல்லாம் விழுங்கிவிடும். விழுங்கியது. அச்சடித்து, சூட்டோடு சூடாகப் பிளாஸ்டிக் உறை போட்டு, படத்தைப் பார்த்து ஆளாளுக்குக் கொடுத்துவிட்டு ஓடி ஏறினார்.

பஸ் புறப்பட்ட பிறகுதான் பாயிஸா தன் அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

“இப்ப ஒரு சண்டையுமில்ல சேர். ஒருத்தருக்கும் பேரில்ல.”

நவரட்ணராஜா தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் இருந்தே அரை மணித்தியாலம். இல்லாமல் போனால் விடிய விடிய வைத்திருப்பான்களே!

சாவடி வந்தது. வழக்கமான சிங்களக் கான்ஸ்டபிள் ஏறி, ஒவ்வோர் அட்டையாக வாங்கினார், திருப்பினார், கொடுத்தார். தன் முறை வந்ததும் நவரட்ணராஜா அட்டையை நீட்டிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு தானாகவே எழுந்து வாசலுக்கு நடந்தார்.

கான்ஸ்டபிள் அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். பிறகு தமக்குத் தெரிந்த தமிழில், ‘ஐயா’வுக்குச் சிங்கள ‘மாத்தயா’வைப் போட்டுச் சொன்னார்:

“மாத்தயா எங்க போறது? நான் பேர் பார்த்துத்தானே இறக்கிறது. இதில பேர் இல்ல, நீங்க இருங்க.”