எண்பது தடிமன் கோடு

ஒரு காட்டில் ஒரு கழுதையும், அது ஓராண்டாக ஆறவிடாமல் வைத்திருந்த ஒரு கோபமும் சேர்ந்து வாழ்ந்து வந்தன.

அந்தக் காட்டுச் சிங்கத்தின் குகை மலைமேல் இருந்தது. ஆறோ அடிவாரத்தில். விலங்குகள்தாம் குடம் குடமாகத் தண்ணீர் சுமக்க வேண்டும். அதிகம் சுமந்தவருக்கு மறு ஆண்டு முழுதும் ஓய்வு. யார் எவ்வளவு சுமந்தார் என்று குரங்கு கணினியில் நிரல் எழுதி, ஆளுக்கொரு கோடு வரைந்து கொடுக்கும்.

போன ஆண்டு கழுதையின் கோடு தாளின் உச்சிக்கே ஏறியது. ஆனால் தலைமுடி மாதிரி மெல்லிசு, வெளிறிய மஞ்சள். நரியின் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. ஆனால் விரல் தடிமன், மிளகாய்ப்பழச் சிவப்பு.

கண் மங்கிய சிங்கம் தாளைப் பார்த்து, "ஆகா, நரியாரல்லவா உழைப்பாளி!" என்றது. நரி ஓராண்டு மல்லாந்து படுத்துத் தூங்கியது.

இந்த ஆண்டு கோடு போடும் நாளில் கழுதை நேரே குரங்கிடம் போனது.

"ஏண்டா, என் கோடு மட்டும் ஏன் நூலாட்டம் இருந்துச்சு?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. கோடு எவ்வளவு உயரம் ஏறணும்னு நீங்க சுமக்கிற குடம் சொல்லும். தடிமனும் நிறமும் நான் போடுறது. உங்களுக்கு ஒண்ணு போட்டேன். நரிக்கு எட்டு."

"அவனுக்கு எதுக்குடா எட்டு?"

"பலாப்பழம் கொடுத்தாருண்ணே."

கழுதை திரும்பி நின்று பின்னங்காலைத் தூக்கியது.

"எனக்கு எண்பது போடு. கன்னங்கரேல்னு போடு."

குரங்கு போட்டது. தாள் முழுக்கத் தார் ஊற்றியதுபோல் ஒரே கோடு. மற்ற கோடுகள் எல்லாம் அதனடியில் போயின.

சிங்கம் தாளை மூக்கருகே வைத்துப் பார்த்தது. "கழுதையைத் தவிர ஒருத்தரும் குடத்தைத் தொடவே இல்லையே!"

கழுதையின் காதுகள் நிமிர்ந்தன. "அப்போ ஓய்வு எனக்குத்தானே, அரசே?"

"உமக்கா? உம்மை நிறுத்தினால் நான் நாக்கு வறண்டல்லவா சாவேன்! இனி எல்லாக் குடமும் நீரே சுமக்க வேண்டும். சுமக்காதவர்களைக் கூப்பிட்டு என்ன பயன்? குரங்கே, அவர்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடு."

அன்றுதான் குடம் தூக்கத் திரும்ப வேண்டிய நரி, "கழுதையண்ணன் வாழ்க!" என்று கத்திவிட்டுப் புரண்டு படுத்தது.

எட்டுக் குடத்தோடு மலையேறிய கழுதையிடம் குரங்கு ஓடிவந்து கேட்டது: "கோடு நல்லாத் தெரிஞ்சுதா அண்ணே?"

நீதி: நன்றாக உழையுங்கள், தவறில்லை. உங்கள் கோட்டை மட்டும் வெள்ளைத் தாளில் வெள்ளை மையால் போடச் சொல்லுங்கள்.