செல் வீக்கான அக்கா

என் அக்காவை ஊரே சோம்பேறி என்று நம்பியதற்கு நீங்கள்தான் காரணம், ஆரோக்கியம் மாமா. வேறு யாருமில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. கள்ளிக்குப்பத்தில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு நீங்கள்தான் தலைவர். ஸ்டெல்லா அக்கா இரண்டாவது பாட்டிலேயே உட்கார்ந்துவிடுவாள். இமை பாதி மூடிவிடும். "பாடச் சொன்னா தூங்கிகினு கீது" என்று குழுவிலிருந்து நீக்கினீர்கள். தசையில் துணுக்கு எடுத்துப் பார்த்த டாக்டரோ, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் கோளாறு என்றார்.

நான் அப்போது பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு. (அறிவு முழங்கால் வரை, திமிர் தலைக்கு மேல்.) கோயில் மண்டபத்தில் நடந்த பங்கு மக்கள் கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கினேன்.

"எங்க அக்கா சோம்பேறி இல்ல. அவ செல்லுல சக்தி இல்ல!"

டார்ச் லைட்டுக்குப் போடும் செல்லைத் தவிர வேறு செல் அந்த மண்டபத்துக்குத் தெரியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

"இன்னா மாப்ளே, அக்காவுக்கு செல்லு வீக்கா?" என்றீர்கள். "அதுக்கு இன்னாத்துக்கு டாக்டரு? கடையில ரெண்டு செல்லு வாங்கிப் போடு, எரியும்!"

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வெறி வந்துவிட்டது.

"மாமா, ஆவடி ஷெட்ல உங்களுக்கு இன்னா வேல?"

"ரயிலு பொட்டிய கோக்கறது, கழட்டறது."

"செல்லுக்குள்ளயும் அதான் நடக்குது. மைட்டோகாண்ட்ரியா ஒண்ணோட ஒண்ணு சேரும், பிரியும். சேந்தா, நல்லது பழுதானதுக்குக் கை குடுக்கும். பிரிஞ்சாதான் கெட்டுப்போனத கழட்டி எறிய முடியும். ரெண்டுல எது நின்னாலும் சக்தி போச்சு. கண்ணு, தசை, நரம்புன்னு வியாதி வரும்."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அப்போ உங்க அக்கா ஆவடி லோக்கல் ரயிலா?" என்றீர்கள்.

"ஆமா!" என்று மைக்கிலேயே கத்தித் தொலைத்தேன். (அந்த 'ஆமா'வுக்காக அக்கா என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.)

அடுத்த ஞாயிறு அவளே ஒரு மடக்கு நாற்காலியோடு போய்க் குழுவின் நடுவில் உட்கார்ந்து பாடினாள். எழுப்பிவிட உங்களுக்குத் துணிச்சல் வரவில்லை. இன்றும் உட்கார்ந்துதான் பாடுகிறாள். அவள் குரலுக்காகவே பூசைக்கு வருகிறவர்கள் உண்டு. எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு அவள் தாமதமாக வந்தால், "லோக்கல் வந்துடுச்சிப்பா" என்று பிள்ளைகள் கத்தும். முதலில் சிரிப்பவள் அவள்தான்.

மாமா, இப்போது பிரசங்கத்தில் குறட்டை விடுவது நீங்கள். உங்களை யாரும் நீக்கவில்லை. வருகிற திருவிழாவில் அதே மண்டபம், அதே மைக். என் அக்கா சோம்பேறியா, இல்லையா? ஊர் முன்னால் பதில் சொல்லுங்கள்.