தண்ணீரில் கழன்ற பெயர்கள்

விளங்காத இடத்தில் தலையாட்டக் கூடாது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் கதிரையில் வரிசையாக இருத்திவைத்து, முன்னால் ஒருவர் படம் காட்டிப் பேசத் தொடங்கினால் என் தலை தானாக ஆடும். (கோயிலில் பிரசங்கத்துக்கும் இப்படித்தான். பாதர் என்னைப் பெரிய பக்திக்காரி என்று நினைத்திருக்கிறார்.)

மன்னாருக்குப் பக்கத்தில், பேசாலையில், என் வீட்டுக் குசினியில், நானும் என் சிநேகிதி பரீதாவும் விளாம்பழ ஜாம், செத்தல்மிளகாய் இடித்த கட்டச் சம்பல், அரைத்த தேசிக்காய் ஊறுகாய் செய்து விற்கிறோம். முன்பெல்லாம் ஜாமுக்குப் பச்சை மூடி, சம்பலுக்குச் சிவப்பு, ஊறுகாய்க்கு மஞ்சள். குழப்பமே இல்லை. குழப்பம் கொழும்பிலிருந்து வந்தது. அங்கே பெரிய கடை வைத்திருக்கும் ஒரு மிஸ் எங்கள் சாமான்களை எடுக்க விரும்பினார். பெட்டி மறுசுழற்சிக்குச் சுலபமாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அதைச் சொல்லித்தர மன்னாருக்கு ஒரு சேர் வந்தார்.

"பெட்டியும் மூடியும் ஒரே இனப் பிளாஸ்டிக்கா இருக்கவேணும். நிறம் வேண்டாம். லேபல் கழுவேக்க கழன்று வரவேணும். அடியில முக்கோணத்துக்குள்ள அஞ்சு எண்டு போட்டிருக்கும், பாத்து வாங்குங்கோ. விளங்குதோ?"

நான் தலையாட்டினேன். என்னைப் பார்த்துப் பரீதாவும் ஆட்டினாள். ("உனக்கு விளங்கிட்டுது எண்டுதான் நானும் ஆட்டினனான்" என்று பிறகு சொன்னாள்.)

கடைத்தெருவில் போய், "அஞ்சாம் நம்பர் இருக்கோ?" என்று கேட்டேன்.

"செருப்போ அக்கா?"

"இல்லைத் தம்பி, முக்கோணம்."

கடைக்காரர் உள்ளே போய், வாகனம் பழுதானால் றோட்டில் வைக்கிற சிவப்பு முக்கோணத்தைக் கொண்டுவந்து நீட்டினார். கடைசியில் கடையிலிருந்த பெட்டிகளையெல்லாம் நானே கவிழ்த்துப் பார்த்து வாங்கிவந்தேன்.

அடுத்தது லேபல். சேர் சொன்னது மறுசுழற்சித் தொழிற்சாலையில் சுடுதண்ணியில் கழுவுவதை. எனக்கு விளங்கியது, எந்தத் தண்ணி பட்டாலும் கழன்றுவிட வேண்டும் என்று. கோதுமைமாவைக் காய்ச்சிப் பசையாக்கி, கடதாசி லேபல்களை ஒட்டினேன். சோதனைக்கு ஒரு பெட்டியை வாளிக்குள் போட்டேன். போட்டதும் கழன்றது.

"பாத்தியே, என்ன சுகமா வருது!" என்றேன்.

"சேர் சந்தோசப்படுவார்" என்றாள் பரீதா.

மன்னாரில் ஒரு மண்டபத்தில் மிஸ்ஸுக்குச் சாமான் காட்டும் நாள் வந்தது. வெயிலில் பழுதாகக் கூடாதென்று பரீதா பெட்டிகளை மீன் போடும் தடித்த வெள்ளை ரெஜிபோம் பெட்டிக்குள் அடுக்கி, மேலே ஐஸ் கொட்டினாள். பஸ் நிலையத்தடியில் கழுதைகள் ஓட்டோவுக்கு வழிவிடவில்லை. அந்த நேரத்தில் ஐஸ் உருகியிருக்க வேண்டும். மண்டபத்தில் மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளைக் கஞ்சி. கஞ்சியில் எங்கள் லேபல்கள் மிதந்தன. பெட்டியெல்லாம் ஒரே பெட்டி, மூடியெல்லாம் ஒரே மூடி, வியர்த்துப்போன பிளாஸ்டிக்குக்குள் எல்லாம் ஒரே மண்ணிறம்.

"பரீதா, இதில எது எது?"

"அல்லாஹ்வே, எனக்கென்ன தெரியும்? நீதானே முதல்ல தலையாட்டினனீ!"

ஒரு பெட்டியைத் திறந்து ருசி பார்த்தேன். ஜாம். "வலது பக்கம் ஜாம்" என்று சொல்லிவிட்டு, அதேபோலத் தெரிந்ததையெல்லாம் அடுக்கினேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பரீதாவும் தன் வலது பக்கத்தில் ஜாம் அடுக்கினாள். அவளுடைய வலது என்னுடைய இடது என்பது இரண்டு பேருக்கும் அந்த நேரம் தோன்றவில்லை.

மிஸ் வந்தார். கூடவே சேரும் வந்தார். பாண் துண்டில் தாராளமாகப் பூசிச் சேரிடம் கொடுத்தேன். "விளாம்பழ ஜாம் சேர். சின்னப் பிள்ளையள் சும்மாவே அள்ளித் தின்னுங்கள்."

சேர் பெரிய வாயாகக் கடித்தார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக மென்றார். கண் கலங்கியது.

"இனிப்புக் கூடிப்போச்சோ சேர்?"

அவர் வாயைத் திறந்து ஊதினார். சம்பல். பதறிப்போய், "இது கட்டாயம் ஜாம், இதைச் சாப்பிடுங்கோ" என்று அடுத்த பெட்டியிலிருந்து ஒரு கரண்டி ஊட்டாத குறையாகக் கொடுத்தேன். ஊறுகாய். சேர் தண்ணீரைத் தேடி வெளியே போனார், திரும்பி வரவில்லை.

மிஸ் இன்னொரு பெட்டியைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"திறந்தாத்தான் தெரியும் மிஸ்."

அவர் ஓடர் தரவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, திறக்காத பெட்டியொன்றை மட்டும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். 

கொஞ்ச நாளில் மிஸ்ஸின் அழைப்பு வந்தது. "அண்டைக்குக் கொண்டுவந்தது அருமை. அதையே அனுப்புங்கோ."

"எது மிஸ்?"

"பேரில்லையே. மண்ணிறம்."

மூன்றையும் அனுப்பினோம். மூன்றும் இல்லையாம். நாங்கள் செய்வதே மூன்றுதான்! விரல்விட்டு எண்ணியும் பார்த்தேன். பரீதா மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"ஜெசி, உண்மையைச் சொல்லு. அண்டைக்கு என்ர கறியைத் திண்டது நீ இல்லையோ?"

"என்ன கறி?"

"திருக்கைக் கருவாட்டுப் பிரட்டல். மத்தியானத்துக்கெண்டு புதுப் பெட்டியில போட்டு ஐஸுக்குள்ள வச்சனான். பாத்தால் காணேல்லை. பதட்டத்தில நீ திண்டிட்டாய் எண்டு நினைச்சு, கேக்க வெக்கமாக் கிடந்தது. வெறுஞ்சோத்தைத் திண்டனான்."

இப்போது கொழும்புக்கு அதிகம் போவது அந்தப் பிரட்டல்தான். லேபலுக்குப் பதிலாகத் தடித்த கடதாசிப் பட்டி ஒன்றைப் பெட்டியைச் சுற்றிப் போடுகிறோம். தண்ணீர் வேண்டாம், கையால் உருவினால் வந்துவிடும். பட்டியில் என்ன பெயர் இருந்தாலும் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'பரீதாவின்ர சாப்பாடு'. என் மனுசன் சோற்றுக் கோப்பையோடு வந்து, "பரீதா இண்டைக்குப் பட்டினியோ?" என்றுதான் கேட்பார்.

பரீதா தன் மத்தியானச் சாப்பாட்டை இப்போது எவர்சில்வர் கரியரில்தான் கொண்டுவருகிறாள். மூடியில் கழுவினாலும் போகாத மையால் பெரிதாக எழுதியிருக்கிறாள்: 'விற்பனைக்கு அல்ல.'